ஐந்தாம் அத்தியாயம்: மாடியில் ஒரு கம்பி

அமெச்சூர் வானொலியில் ஆசை கொண்டு என்னைத் தேடி வரும் பிள்ளைகள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடும் முதற்கேள்வி, "எந்த செட் வாங்கலாம், சார்?" என்பதுதான். குமிழ்களும் ஒளிரும் எண்களும் கூடிய அந்தப் பெட்டியே நிலையம் என்று இளமனம் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. ஆயினும் பல ஆண்டுகளாக இக்கலையோடு வாழ்ந்து வருகிறவன் என்ற உரிமையில் நான் திடமாகச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. ஒரு நிலையம் நன்றாயிருப்பதும் நலிந்திருப்பதும், மாடிக்கு மேலே தொங்கும் கம்பியையும், மண்ணுக்குள் இறங்கும் எர்த்தையும், பொறுமையோடு கேட்கப் பழகிய செவியையும் பொறுத்தவை. பெட்டி இவற்றுக்கெல்லாம் பின்னே நான்காவதாக வந்து நிற்பது. ஆகையால் இந்த அத்தியாயத்தில் பெட்டியைப் பற்றி மிகக் குறைவாகவும் கம்பியைப் பற்றி மிக அதிகமாகவும் எழுதப் போகிறேன்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது நான் வசிக்கும் நாராயணவனத்தையே. புத்தூருக்கு அருகில் ஆரணியாற்றின் கரையில், குன்றுகள் சூழ அமைந்த இவ்வூரை, ஆகாசராஜன் தன் புதல்வி பத்மாவதியைத் திருவேங்கடமுடையானுக்குக் கன்னிகாதானம் செய்துகொடுத்த ஸ்தலமென்று புராணம் கூறுகிறது. கல்யாண வேங்கடேசுவரர் கோயில் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. நெசவாளர் வீடுகளும், ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்துகொள்ளும் நீண்ட மனைகளும், கொல்லையில் ஒன்றிரண்டு தென்னைகளும், வீட்டுக்கு வீடு தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சும் உள்ள இப்படிப்பட்ட ஊரில் ஒரு நிலையத்தை அமைக்க முடியுமானால், தமிழர் வாழும் எந்தச் சிற்றூரிலும் அமைக்கலாம்.

இந்நாட்டில் இக்கலையின் வயது நூறாண்டைக் கடந்துவிட்டது. 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து இயங்கத் தொடங்கினார். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண வானொலி சங்கம், அகில இந்திய வானொலி என்ற பெயரே பிறவாத காலத்தில், ஆர்வலர்களின் உழைப்பால் சென்னையில் ஒலிபரப்பு நடத்தியது. 1939-இல் உலக யுத்தம் மூண்டதும் அமெச்சூர் உரிமங்களை ஆங்கில அரசாங்கம் ரத்துச் செய்தது. அந்தக் கட்டுக்காவலுக்கு இடையிலேதான், 1942 ஆகஸ்டில், உஷா மேத்தா என்ற 22 வயதுக் கல்லூரி மாணவியும் அவருடைய தோழர்களும் பம்பாயில் வீடு மாற்றி வீடு மாற்றி ரகசியமாகக் காங்கிரஸ் வானொலியை நடத்தினார்கள். அவர்கள் தேர்ந்த அலை 42.34 மீட்டர், இன்றைய கணக்கில் 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. நீங்கள் முதன்முதலாக வெட்டப் போகும் கம்பியும் அந்த அலையின் வட்டாரத்துக்கே உரியது என்பதை நினைத்தால், அந்த 20 மீட்டர்ச் செம்புக் கம்பியைச் சிரத்தையோடு கையாளத் தோன்றும்.

உரிமத்தைப் பற்றி முன் அத்தியாயத்தில் விரிவாகச் சொல்லியிருப்பதால் இங்கே ஒரு வார்த்தை போதும். 12 வயது நிரம்பியவர்கள் உரிமத்துக்கான தேர்வை எழுதலாம். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு உரிமம் வழங்கும்வரையில் அலை வாங்கும் கருவியை வைத்துக் கேட்கலாமேயன்றி, அலை பரப்பும் கருவியை வைத்திருப்பதே குற்றமாகும். விலை மலிவாகக் கிடைக்கிறதென்று கையடக்கச் செட்டை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு தேர்வெழுதலாம் என்று எண்ணும் பிள்ளைகளுக்கு, அது வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

உரிமத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களை வீணான காலமென்று கருதலாகாது. எஸ்.எஸ்.பி. முறையில் வரும் பேச்சை வாங்கக்கூடிய ஒரு சிற்றலை ரேடியோவோ, கணினியில் செருகும் சிறிய எஸ்.டி.ஆர். டாங்கிளோ இருந்தால், அதிகாலையிலும் இரவிலும் கேட்கத் தொடங்குங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் காலை வேளைகளில் கூடும் நெட்டுகளை, அதாவது பலர் ஒரே அலையில் கூடி முறைவைத்துப் பேசும் சபைகளை, கவனித்தால், யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் எவ்வளவு இடைவெளி விட்டுப் பேசுகிறார், மங்கலான குரலுக்கு மற்றவர்கள் எப்படி வழிவிடுகிறார்கள் என்ற மரியாதைகளெல்லாம் புத்தகமின்றியே படிந்துவிடும். "ஐந்து ஒன்பது" என்றால் பேச்சு முற்றும் தெளிவாகவும், வலிமை உச்சத்திலும் இருக்கிறதென்று பொருள். அதைப் பாராமலே எல்லோருக்கும் "ஐந்து ஒன்பது" வழங்கும் வழக்கம் பரவிவிட்டது. நீங்கள் கேட்டதைக் கேட்டபடியே சொல்லுங்கள்.

கேட்கத் தொடங்கிய முதல் நாளே உங்களுக்கு ஒரு சத்துரு அறிமுகமாவான். அவன் பெயர் இரைச்சல். நாராயணவனத்தில் விசைத்தறிகளின் சுவிட்சுகளிலும் தளர்ந்த மின் இணைப்புகளிலும் தெறிக்கும் பொறிகள் பகற்பொழுதில் ரேடியோவுக்குள் கரகரவென்று வந்து விழும்; தறிகள் ஓய்ந்த பிறகே தூரத்துக் குரல்கள் மேலெழும். ஊர்த் தறியை நிறுத்த நமக்கு அதிகாரமில்லை. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் சத்துருவைக் கண்டுபிடிக்க வழியுண்டு. என்னிடம் பயின்ற ஒரு பெண்பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு மாணவி, தன் ரேடியோவில் ஓயாமல் ஒரு சீறல் வருகிறதென்று முறையிட்டாள். பாட்டரியில் பாடும் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றை மீடியம் வேவில், நிலையம் ஏதுமில்லாத இடத்தில் வைத்து, அதைக் கையிலெடுத்துக்கொண்டு அறை அறையாக நடக்கச் சொன்னேன். பூஜையறை வாசலில் சீறல் பெரிதாயிற்று. சுவாமி படத்துக்கு மேலே எரிந்த சிறிய எல்.இ.டி. விளக்கை அணைத்ததும் சட்டென்று நின்றது. விளக்கை மாற்றினாள், அன்றிரவே ஐதராபாத்துக் குரல் ஒன்றைத் தெளிவாகக் கேட்டதாக ஓடிவந்து சொன்னாள். மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், மலிவான விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்வது, ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து மேலான செட் வாங்குவதைக் காட்டிலும் அதிகப் பயன் தரும்.

7 மெகாஹெர்ட்ஸையே, அதாவது 40 மீட்டர் அலையையே, முதலில் ஏன் சிபாரிசு செய்கிறேன் என்பதற்குக் காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. சூரியனது கிரணங்களால் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலம், இவ்வலையை மேலே போகவிடாமல் பூமிக்குத் திருப்பி அனுப்புகிறது. பகலில் அம்மண்டலத்தின் கீழடுக்கு அலையின் பலத்தை உறிஞ்சிக்கொள்வதால், சென்னை, பெங்களூர், மதுரை, ஐதராபாத் என்று ஐந்நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே உறவு நிற்கும். அஸ்தமனத்துக்குப் பின் அந்த அடுக்கு கரைந்துபோக, கடல் கடந்த நாடுகள் நெருங்கிவரும். இதே ஆகாயத்தை ஆராய்வதற்காகத் திருப்பதிக்கு அப்பால் கடங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் ஒரு ராடாரை வைத்திருக்கிறது. 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அதன் ஆண்டெனாவில் யாகி என்னும் வகைச் சிற்றாண்டெனாக்கள் 1024 வரிசை வரிசையாக நிற்கின்றன. சூரியன் மறைந்த பிறகு நம் பக்கத்து அயனி மண்டலம் சில இரவுகளில் கொதிக்கும் பால்போல் குழம்புவதை அது அளக்கிறது. அவ்விரவுகளில் உங்கள் ரேடியோவில் குரல்கள் படபடவென்று நடுங்கினால், செட் கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டாம். நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறோம். அதன் விளைவே இது.

இனி கம்பிக்கு வருவோம். எளிய ஆண்டெனா, நடுவில் வெட்டிய ஒரே கம்பியாகிய டைபோல். அதன் மொத்த நீளத்தை மீட்டரில் அறிய 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும், 7.1-க்கு 20.14 மீட்டர் வரும், அதாவது ஒரு பக்கத்துக்கு 10 மீட்டரும் 7 சென்டிமீட்டரும். வீட்டு வயரிங்குக்கு விற்கும் பி.வி.சி. உறையிட்ட செம்புக் கம்பி இதற்கு முற்றிலும் தகும். பக்கத்துக்கு 10.40 மீட்டராக வெட்டி, மிகுதியை நுனியில் மடித்து முறுக்கி வையுங்கள். கூடுதலாக உள்ளதை மடிக்கலாம், வெட்டியதை ஒட்டவைப்பது தொல்லை. நடுவிலும் இரு முனைகளிலும் கம்பியைத் தாங்குவதற்குப் பழைய பிளம்பிங் பி.வி.சி. குழாய்த் துண்டுகளில் துளையிட்டுக்கொண்டால், பீங்கான் இன்சுலேட்டர் தேடி நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

20 மீட்டர் நீளம் உங்கள் மாடியில் இராது. அண்டை வீட்டாரின் தயவு வேண்டும். இதைத் தொழில்நுட்பத்தைவிட முக்கியமான பாகமென்று நான் கருதுகிறேன். அனுமதி கேளாமல் இரவோடிரவாகக் கட்டிய கம்பிகள் பின்னர் மனஸ்தாபத்தில் அறுந்துபோனதைக் கண்டிருக்கிறேன். என் சிஷ்யப்பிள்ளை ஒருவன் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய், "மாமா, உங்க தென்னையிலே ஒரு கயிறு கட்டிக்கட்டுமா? கம்பி என்னோடது, மரத்துக்கு ஆணி அடிக்க மாட்டேன்" என்று கேட்டான். "இடி விழுமாடா?" என்று அவர் கேட்டார். "கம்பியினாலே இடி வராது மாமா. மழைக்காலத்திலே கழற்றி வெச்சிடுவேன்" என்றான். "தேங்காய் பறிக்கிறவன் வர்றப்போ நீ வந்து இறக்கிக் கொடுக்கணும்" என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை. இன்றுவரை அவன் அதைத் தவறாமல் நிறைவேற்றுகிறான்.

மாடியின் நடுவில் பத்து மீட்டர் உயரத்துக்கு இரும்புக் குழாயையோ மூங்கிலையோ நிறுத்தி, அதன் உச்சியில் நடுப்பாகத்தைக் கட்டி, இரு கைகளையும் கூரைபோல் சரித்து இறக்குவது உத்தமம். இரு கைகளுக்கும் இடைப்பட்ட கோணம் 90 பாகைக்குக் குறையலாகாது. நுனிகள் தரையிலிருந்து ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், மூன்று மீட்டருக்கு மேலே நிற்கட்டும், ஏனெனில் அலை பரப்பும் நேரத்தில் நுனியைத் தொட்டால் தோல் வெந்துவிடும். தென்னைப் பக்கத்துக் கயிற்றை மரத்தோடு இறுகக் கட்டாமல், ஒரு சிறு கப்பியில் ஓடவிட்டு, மறுமுனையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டியைத் தொங்கவிடுங்கள். காற்றில் மரம் ஆடும்போது புட்டி ஏறி இறங்கும், கம்பி அறாது. மலையடிவாரத்து ஊர்களில் குரங்குகள் கம்பியைப் பிடித்து ஊசலாடும் போதும் இந்த ஏற்பாடுதான் காப்பாற்றுகிறது.

இவ்வத்தியாயத்தில் நீங்கள் மறக்கக் கூடாத வாக்கியம் ஒன்றிருக்குமானால் அது இதுவே: தெருவில் போகும் மின்சாரக் கம்பிக்கு மேலேயோ கீழேயோ உங்கள் கம்பி எக்காரணத்தைக் கொண்டும் செல்லக் கூடாது. நிறுத்தும் குழாய் சாய்ந்து விழுந்தால்கூட மின்கம்பியைத் தொடாத தூரத்தில் அது இருக்க வேண்டும். இடம் போதவில்லையென்றால் கம்பியின் நுனிகளை வளைத்துத் தொங்கவிடலாம், அல்லது பாதி நீளமே வேண்டும் 14 மெகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். உயிருக்கு மாற்று இல்லை.

நடுவிலிருந்து அறைக்கு வரும் கேபிளாக ஆர்.ஜி.58 போதும். 20 மீட்டர் நீளத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் அதனால் ஏற்படும் நஷ்டம் அற்பமானது. அதே கேபிளை 145 மெகாஹெர்ட்ஸுக்குப் பயன்படுத்தினால், பாதிக்கு மேற்பட்ட சக்தி வழியிலேயே சூடாகிப் போய்விடும். அங்கே தடித்த ஆர்.ஜி.213 வேண்டும். மேலே இணைப்பில் ரப்பர் டேப்பை நீர் புகாவண்ணம் இறுகச் சுற்றுங்கள். கேபிளுக்குள் ஒரு முறை மழைநீர் இறங்கினால் அது வெளியேறுவதில்லை. ஜன்னலுக்குள் நுழையுமுன் கேபிளைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு வளைத்துக் கொணர்ந்தால், வழிந்துவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எல்லாம் கட்டியபின், கம்பி ஏற்காமல் திரும்பிவரும் அலையைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைக் கொண்டு எந்த அலையில் முள் மிகத் தாழ்ந்து நிற்கிறதென்று பாருங்கள். 6.95-இல் தாழ்ந்தால் கம்பி நீளம் என்று அர்த்தம். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் மடித்தால் ஏறக்குறைய 70 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும்; ஆகவே பக்கத்துக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் மடித்தால் 7.1-ஐ எட்டிவிடுவீர்கள். 1.5-க்குள் வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒன்று வரவேண்டுமென்று வெயிலில் நாள் முழுவதும் மாடி ஏறி இறங்குவதால் எதிர்முனையில் கேட்பவருக்கு எள்ளளவும் வேறுபாடு தெரியாது.

மின்னலைப் பற்றிச் சொல்லும்போது என் சொந்த நஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு சித்திரை மாத மாலையில், மேற்கே மேகம் கறுத்தும், பேச்சின் சுவாரஸ்யத்தில் எழுந்திருக்க மனமின்றி, செட்டின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். இரண்டு தெரு தள்ளி ஒரு தென்னையில் இடி விழுந்தது. என் வீட்டில் ஒரு விளக்கும் கெடவில்லை. ஆனால் செட்டின் செவி செத்துவிட்டது. அன்றிலிருந்து என் வழக்கம் மாறாதது: பேசி முடித்ததும் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி, அதன் நுனியை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவேன். சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். கரியும் உப்பும் இட்ட குழியில் எட்டடிச் செம்புத் தண்டை இறக்கி எர்த் அமைத்து, அதை வீட்டு எர்த்தோடு சேர்க்கும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்வியுங்கள்.

இப்பொழுது பெட்டி. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003 வாக்கில் வெளியிட்ட பிட்எக்ஸ் என்ற சுற்றமைப்பை இளைஞர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கும் சாமானிய டிரான்சிஸ்டர்களைக் கொண்டே, கேட்கவும் பேசவும் ஒரே பகுதிகள் இருபுறமும் பயன்படுமாறு அவர் அதை வகுத்தார். சுருள் சுற்றுவதற்குரிய வளையங்கள் இந்தியாவில் அரிதாயிருந்த நிலையில், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரையே அவர் எடுத்துக்கொண்டார். பிளம்பிங் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் வாஷர்மேல் மெல்லிய எனாமல் கம்பியைச் சுற்றி, 6 வாட்டில் உலகத்தோடு பேசலாம் என்று அவர் காட்டியதை, இந்நாட்டு அமெச்சூர்கள் செய்த மேலான காரியங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன். பின்னர் 40 மீட்டருக்கும், அதன்பின் எல்லாச் சிற்றலைகளுக்கும் ஏற்ற வடிவங்களும் வந்தன. சால்டரிங் இரும்பைப் பிடிக்கப் பழகிய பிள்ளைக்கு என் சிபாரிசு அதுவே. 100 வாட் ஜப்பானிய செட்டுக்குச் சேமிக்கும் வருஷங்களை அது மிச்சப்படுத்தும்.

குறைந்த சக்திச் செட்டுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. 100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியர் இழுக்கும். இதுவோ இரண்டு ஆம்பியருக்குள் அடங்கிவிடும். கணினி யு.பி.எஸ்.ஸில் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றும், மாடியில் ஒரு சிறிய சூரியத் தகடும் இருந்தால், மின்சாரம் நின்றாலும் உங்கள் நிலையம் நிற்காது. வீட்டின் மின்னிணைப்பிலிருந்து வரும் இரைச்சலும் கணிசமாகக் குறையும்.

அறையைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கில்லை. ஜன்னலோரம் ஒரு மேஜை, இரவில் வீட்டாரின் தூக்கம் கெடாதிருக்க ஹெட்போன், உள்ளூர் நேரத்துக்கு ஒன்றும், அதற்கு ஐந்தரை மணி பின்தங்கிய சர்வதேச நேரத்துக்கு ஒன்றுமாக இரண்டு கடிகாரங்கள். அவ்வளவே.

40 மீட்டரோடு நில்லாமல் இரண்டு மீட்டர் அலையின் சுகத்தையும் அறிய வேண்டுமானால் 145.800 மெகாஹெர்ட்ஸைக் கேளுங்கள், சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிஷத்துக்குள் சிலவேளை அதிலிருந்து குரல் வரும். நமக்குக் கிழக்கே, வானம் தெளிந்திருந்தால் ராக்கெட் ஏறுவதை மாடியிலிருந்தே பார்க்கக்கூடிய தூரத்தில், ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கிருந்துதான் 2005 மே 5 அன்று, அமெச்சூர்களுக்கென்றே இஸ்ரோ செய்த ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோள் புறப்பட்டு, 2014 வரையில் உழைத்தது.

பேசத் தொடங்கும் நாளில் நினைவில் வைக்க வேண்டியவை சில. வியாபாரமும், பாட்டு ஒலிபரப்பும், ரகசியக் குறிமொழியும் இங்கே கூடா. அழைக்குமுன் இரு நிமிஷம் கேட்டு, அலை காலியாக இருக்கிறதா என்று வினவுங்கள். தமிழில் பேசலாம், தெலுங்கில் பேசலாம்; 1960-இல் திருத்தணியைத் தமிழ்நாட்டுப் புறமும் நம்மை ஆந்திரப் புறமும் வைத்த எல்லைக்கோடு அலைகளைத் தடுப்பதில்லை. ஆனால் அழைப்புக்குறியை மட்டும் சர்வதேச எழுத்துமுறைப்படி, "வி.யு." என்பதை "விக்டர் யூனிஃபார்ம்" என்று நிதானமாகச் சொல்லப் பழகுங்கள்.

அந்த நிதானத்தின் மதிப்பு ஆபத்துக் காலத்தில் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, அந்தமானிலிருந்து அரிதான தொடர்புகளை உலகுக்கு வழங்குவதற்காகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் பெண்மணியும் அவருடைய குழுவினரும், தொலைபேசி செயலிழந்த அத்தீவுகளிலிருந்து உறவினர் க்ஷேமச் செய்திகளை நாட்கணக்காக இந்தியப் பெருநிலப்பகுதிக்கு அனுப்பினார்கள். பொழுதுபோக்குக்காகக் கொண்டுசென்ற செட்டும் கம்பியுமே அன்று அவர்கள் கையிலிருந்தவை. அத்தகைய நாளில் செய்தியைப் பெறுபவர் பெயரையும் ஊரையும் எழுத்தெழுத்தாகப் பிழையின்றி எழுதிக்கொள்ள வேண்டும்; அப்பயிற்சியை ஒவ்வொரு சாதாரண நாளிலும் லாக் நோட்டில்தான் பெறுகிறோம்.

ஆகவே கடைசியாக வாங்க வேண்டிய சாமான், கோடிட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்று. தேதி, நேரம், அலை, எதிர்முனையின் அழைப்புக்குறி, நீங்கள் கொடுத்த அறிக்கை, அவர் கொடுத்த அறிக்கை, ஊர் என்று ஏழு கட்டங்கள் போடுங்கள். உரிமம் வரும்வரையில் கேட்டவற்றை மட்டும் எழுதி வாருங்கள். உரிமம் வந்த அன்று புதுப் பக்கத்தைத் திருப்பி, முதல் தொடர்பைப் பேனாவால் எழுதுங்கள்.